‘இது வேலைக்கு ஆகாது!’

பெரிய முதலீட்டாளர்கள் சிரித்துத் தள்ளிய யோசனைகளில் சில, பல ஆயிரம் கோடி டாலர் கம்பெனிகள் ஆயின. பெரும்பாலானவை மண்ணோடு போயின. எது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

2008 கோடைக்காலம். சான்ஃபிரான்சிஸ்கோவில் மூன்று இளைஞர்கள் பணம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நண்பர் ஒருவர் ஏழு முதலீட்டாளர்களை அறிமுகப்படுத்தி வைத்தார். இளைஞர்கள் கேட்டது ஒன்றரை லட்சம் டாலர். அதற்குப் பதிலாகத் தருவதாகச் சொன்னது, கம்பெனியில் பத்து சதவிகிதப் பங்கு. ஐந்து பேர் முடியாது என்று மெயில் போட்டார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை.

மறுத்தவர்கள் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். எங்கள் கவனம் வேறு துறைகளில் இருக்கிறது என்றார் ஒருவர். சந்தை எங்களுக்குத் தேவையான அளவு பெரிதாகத் தெரியவில்லை என்றார் இன்னொருவர். பயணத் துறை எங்களுக்கு ராசியாக இருந்ததில்லை என்ற பொருளில் எழுதினார் மற்றொருவர். 2015-ல் அந்த மூவரில் ஒருவரான பிரையன் செஸ்கி, அனுப்பியவர்களின் பெயரை மறைத்துவிட்டு அந்த மெயில்களைப் பொதுவில் போட்டார். கம்பெனியின் பெயர் ஏர்பிஎன்பி.

இதைப் படித்ததும் அந்த ஏழு பேர் மேல் ஓர் இளக்காரம் வருவது இயல்பு. ஆனால் அன்றைக்கு அவர்கள் முன்னால் இருந்தது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2007 அக்டோபரில் வாடகை ஏறிவிட்டது. செஸ்கி, ஜோ கெபியா இருவர் கையிலும் காசு இல்லை. ஊரில் வடிவமைப்பாளர்கள் மாநாடு, ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. தங்கள் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளை விரித்து, காலை உணவோடு ஓர் இரவுக்கு 80 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். அதில் ஒருவர் இந்தியர். பிறகு நேதன் பிளச்சார்சிக் என்ற பொறியாளரும் சேர, இது ஒரு வெப்சைட் ஆனது. 2008 மார்ச்சில் ஆஸ்டின் நகரத்தில் நடக்கும் பெரிய விழாவை நம்பித் திறந்தார்கள். வந்த முன்பதிவு இரண்டு. அதில் ஒன்று செஸ்கி தனக்காகவே செய்துகொண்டது.

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டுக்குள் படுத்துத் தூங்குவார், நீங்களும் அதே கூரையின் கீழ் தூங்குவீர்கள். இதைக் கேட்டால் எந்த ஊர்க்காரருக்கும் முதலில் வயிற்றைப் பிசையும். வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுத்த நம் ஊர்த் திண்ணைகூட வாசல் கதவுக்கு வெளியேதான் இருந்தது. வந்தவர் வெளியே, வீட்டார் உள்ளே, நடுவே தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொன்னார்கள் இந்த மூவரும். ஏழு பேர் தயங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியம் எட்டாவது ஆளிடம் இருக்கிறது. அவருக்கும் இந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனாலும் பணம் கொடுத்தார்.

தானியப் பெட்டி

அவர் பெயர் பால் கிரஹாம். புதிய கம்பெனிகளுக்குச் சிறு தொகை கொடுத்து மூன்று மாதம் தயார் செய்து அனுப்பும் ஒய் காம்பினேட்டர் என்ற அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். 2008 நவம்பரில் மூவரும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். இதை நிஜமாகவே மனிதர்கள் செய்கிறார்களா என்று அவர் திகைத்தார். நேர்காணல் சொதப்பலாக முடிந்தது. கிளம்பும்போது கெபியா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியான காலை உணவுத் தானியப் பெட்டி. மேலே ஒபாமாவின் படம்.

அதற்கு ஒரு கதை இருந்தது. அந்த ஆகஸ்டில் டென்வரில் ஒபாமாவை வேட்பாளராக்கிய மாநாட்டின்போது வெப்சைட்டில் கூட்டம் வந்தது. மாநாடு முடிந்ததும் வற்றிவிட்டது. கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரித்தது. கடையில் தானியம் வாங்கி, தாங்களே வடிவமைத்த அட்டைகளைப் பசை போட்டு ஒட்டிப் பெட்டியாக்கி, ‘ஒபாமா ஓஸ்’ என்றும், எதிர்க்கட்சி வேட்பாளர் பெயரில் ‘கேப்டன் மெக்கெய்ன்ஸ்’ என்றும் வகைக்கு ஐந்நூறு பெட்டி தயாரித்தார்கள். பெட்டி 40 டாலர். சுமார் 30,000 டாலர் கைக்கு வந்தது. கம்பெனி அதில்தான் உயிர் பிழைத்தது.

சில டாலர் தானியத்தை 40 டாலருக்கு விற்க முடிகிறவர்கள், ஒருவேளை அந்நியரை அந்நியர் வீட்டில் தூங்கவைக்கவும் கூடும் என்று கிரஹாம் கணக்குப் போட்டார். கரப்பான் பூச்சி மாதிரி இவர்கள் சாக மாட்டார்கள் என்பது அவர் சொன்ன உவமை. லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து சுமார் இரண்டு மாதம் ஆன நேரம் அது. சாகாமல் இருப்பதே அன்றைக்குப் பெரிய தகுதி. 20,000 டாலர் கொடுத்து ஆறு சதவிகிதம் எடுத்துக்கொண்டார்.

யோசனை பிடிக்காதபோது ஆளைப் பார் என்று இந்த வட்டாரத்தில் அடிக்கடி சொல்வார்கள். அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நன்றாகப் பேசுகிறாரா, பெரிய கல்லூரியில் படித்தாரா, கண்ணில் ஒளி இருக்கிறதா என்பதல்ல விஷயம். அந்தப் பெட்டி ஒரு சாட்சி. பணம் தீர்ந்தபோது இவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி.

அடுத்து கிரஹாம் கேட்டது, உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று. நியூயார்க்கில் சில பத்துப் பேர் என்றார்கள். அப்புறம் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், அங்கே போங்கள் என்று அனுப்பிவைத்தார். போய்ப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் போட்டிருந்த படங்கள் எல்லாம் மங்கல். நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் படியேறி இவர்களே படம் பிடித்துக் கொடுத்தார்கள். வாரம் 200 டாலரில் முடங்கிக் கிடந்த வருமானம் 400 ஆனது. தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் நேரில் போனதில் அவர்கள் கண்டது தொகையைவிடப் பெரியது: பொருளாதாரம் சரிந்த அந்தக் குளிர்காலத்தில், சிலர் இந்த வருமானத்தை வைத்துத்தான் வீட்டு வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேர் ‘நன்றாக இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, இது இல்லாவிட்டால் திண்டாடிப்போகும் நூறு பேர் ஒரு கம்பெனிக்குப் பெரிய சொத்து.

2009 ஏப்ரலில் செகோயா நிறுவனம் 5.85 லட்சம் டாலர் போட்டது. ‘நல்ல காலம் முடிந்தது, செலவைக் குறையுங்கள்’ என்று தன்னிடம் முதலீடு பெற்ற கம்பெனிகளை ஆறு மாதம் முன்புதான் எச்சரித்திருந்த அதே செகோயா. அங்கே கிரெக் மக்கடூ என்ற பங்குதாரர் விடுமுறை வீட்டு வாடகைத் தொழிலை ஒன்றரை வருடமாகத் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தை சுமார் 4,000 கோடி டாலர் என்பது அவர் கணக்கு. வீடு கொடுப்பவரும் எடுப்பவரும் ஒருவரை ஒருவர் எப்படி நம்புவார்கள் என்ற முடிச்சு அங்கே அவிழாமல் கிடப்பதை அறிந்திருந்தார். அதே முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறவர்கள் எதிரே வந்து உட்கார்ந்தபோது, மற்றவர்கள் கண்ணில் பட்ட காற்று மெத்தை அவர் கண்ணில் படவில்லை.

ஆக, ஒருவர் யோசனையைப் பிடிக்காமலே ஆளை நம்பிப் போட்டார். இன்னொருவர் முன்பே உழுது வைத்திருந்த நிலத்தில் விதை வந்து விழுந்ததால் போட்டார்.

போனது ஒரு மடங்கு

பிடிக்காத யோசனையில் எதற்காகப் பணம் போட வேண்டும்? காரணம் கணக்கில் இருக்கிறது. கோரிலேஷன் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் 2004 முதல் 2013 வரை அமெரிக்காவில் நடந்த 21,000-க்கும் மேற்பட்ட முதலீடுகளை அலசியது. சுமார் 65 சதவிகிதத்தில் போட்ட பணம்கூட முழுதாகத் திரும்பவில்லை. ஐம்பது மடங்குக்கு மேல் கொடுத்தவை 0.4 சதவிகிதம். இருநூற்றைம்பதில் ஒன்று.

இந்தத் தொழிலின் விதை விழுந்த காலத்திலிருந்தே இப்படித்தான். 1946-ல் பாஸ்டனில் தொடங்கி, ஜார்ஜ் டோரியட் என்ற பேராசிரியரின் தலைமையில் வளர்ந்த முதலீட்டு நிறுவனம், 1957-ல் இரண்டு இளம் பொறியாளர்களுக்கு 70,000 டாலர் கொடுத்து 70 சதவிகிதப் பங்கை எடுத்தது. விண்ணப்பத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லே வேண்டாம் என்று அந்த இருவருக்கும் சொல்லப்பட்டது. பெரிய கம்பெனிகளே அதில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம். பழைய கம்பளி ஆலை ஒன்றில் தொடங்கிய அந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், பத்துச் சொச்ச வருடத்தில் போட்ட பணத்தை ஐந்நூறு மடங்குக்கும் மேல் ஆக்கியது. டோரியட்டின் நிறுவனம் செய்த மற்ற எந்த முதலீடும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

தப்பான கம்பெனியில் போட்டால் போகிறது ஒரு மடங்கு. சரியான கம்பெனியை விட்டால் போகிறதுக்கு வரம்பே கிடையாது. வங்கி மேலாளருக்கு இந்தக் கணக்கு எதிர்ப்பக்கம். அவர் கொடுத்த கடன் எவ்வளவு நன்றாகப் போனாலும் அவருக்குக் கிடைப்பது வட்டிதான், அதனால் அவர் பயப்படுவது நியாயம். சரி, நல்லதாகப் படும் யோசனைகளில் மட்டும் போட்டால் என்ன? எல்லோருக்கும் நல்லதாகப் படும் யோசனையை எல்லோரும் சூழ்ந்துகொள்கிறார்கள், விலை ஏறுகிறது, பெரிய கம்பெனிகள் அதைத் தாங்களே செய்துவிடுகின்றன. ஒய் காம்பினேட்டரில் பணம் வாங்கிய கம்பெனிகளின் மொத்த மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர் என்றும், அதில் முக்கால் பங்கு ஏர்பிஎன்பி, டிராப்பாக்ஸ் இரண்டே கம்பெனிகளுடையது என்றும் 2012-ல் எழுதினார் கிரஹாம். கெட்டதாகத் தோன்றும் யோசனைகள் ஒரு வட்டம், நிஜமாகவே நல்ல யோசனைகள் ஒரு வட்டம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டில்தான் லாபம் இருக்கிறது என்று முதலீட்டாளர் பீட்டர் தீல் வரைந்து காட்டியதும் இதைத்தான்.

ஆனால் கெட்டதாகத் தோன்றுவது ஒரு தகுதி ஆகிவிடாது. கெட்டதாகத் தோன்றும் யோசனைகளில் மிகப் பெரும்பாலானவை கெட்டவைதான். சிறு துண்டைச் சொல்லிச் சொல்லி, வெளியே கிடக்கும் பெரிய பகுதியை மறக்கடிக்கும் பேச்சுகள் இளைஞர்களுக்குப் பெரும் தீங்கு செய்கின்றன. நகையை அடகு வைத்துத் தொழிலில் இறங்கியவரிடம், ஏர்பிஎன்பியையும்தான் மறுத்தார்கள் என்று தட்டிக்கொடுப்பது உதவியாகாது. அவருக்குத் தேவை, தன்னை எதனால் மறுக்கிறார்கள் என்ற தெளிவு.

நல்லதாகத் தோன்றுவதும் அப்படித்தான். சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஜூசரோ என்ற கம்பெனி, வெட்டிய பழமும் காய்கறியும் அடைத்த பையைப் பிழிந்து சாறு எடுக்கும் இயந்திரத்தை 2016-ல் 699 டாலருக்கு விற்றது. பெயர் பெற்ற முதலீட்டாளர்கள் சுமார் 12 கோடி டாலர் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு பத்திரிகையாளர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். அதே ஆண்டில் கடை மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் வாழ்ந்த உலகத்தில் ஆரோக்கிய பானம் ஓர் அன்றாடத் தேவை. அந்த உலகத்துக்கு வெளியே அது எப்படித் தெரியும் என்று கேட்கத் தவறினார்கள்.

மறுப்பின் ஆயுள்

இந்தத் தொழிலின் கதைகளை வரிசையாகப் படித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நல்ல முதலீட்டாளர்கள் யோசனையை ஆராய்வதற்கு முன் தங்கள் மறுப்பை ஆராய்கிறார்கள். எனக்கு இது ஏன் பிடிக்கவில்லை? அந்தக் காரணம் உலகத்தில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா? உலகத்தில் இருந்தால், எத்தனை நாளைக்கு இருக்கும்?

வெப்வேன் கதை இதற்கு நல்ல பாடம். 1999-ல் அமெரிக்காவில் மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கக் கிளம்பிய கம்பெனி அது. பிரம்மாண்டமான கிடங்குகளைத் தானே கட்ட நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவாலானது. அதற்குப் பிறகு பத்து வருடம், மளிகை டெலிவரி என்று யாராவது வாயெடுத்தால் வெப்வேன் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

2012-ல் அபூர்வா மேத்தா என்ற இந்திய வம்சாவளி இளைஞர் இன்ஸ்டாகார்ட் என்ற மளிகை டெலிவரி கம்பெனியோடு வந்தார். ஒய் காம்பினேட்டருக்கு விண்ணப்பிக்கும் கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்த பங்குதாரர் ஒருவருக்குத் தன் ஆப் வழியாகவே ஆறு பியர் பாட்டில்களை அனுப்பிவைத்து உள்ளே நுழைந்தார். மேத்தா கிடங்கு எதுவும் கட்டவில்லை. இருக்கிற கடைகளிலேயே ஆட்களை வைத்துப் பொறுக்கி எடுத்து அனுப்பினார். பொறுக்குகிறவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2001-ல் அப்படி ஒரு பொருள் சாதாரண மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை. செகோயாவின் மைக்கேல் மோரிட்ஸ் இன்ஸ்டாகார்ட்டில் பணம் போட்டார். அவர் வெப்வேனின் இயக்குநர் குழுவில் இருந்தவர். அந்தத் தீயில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதால், எது சுட்டது என்று அவருக்கு மற்றவர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். சுட்டது கிடங்கு, மளிகை அல்ல. 2023 செப்டம்பரில் இன்ஸ்டாகார்ட் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஏர்பிஎன்பிக்கு எதிராக இருந்த பயத்துக்கும் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. 2008-க்குள் பல கோடிப் பேர் ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் வந்துவிட்டார்கள். விற்பவருக்கு வாங்கியவர் மதிப்பெண் போடும் பழக்கத்தை இபே பத்து வருடத்துக்கு மேலாக ஊட்டியிருந்தது. கார்டில் பணம் கட்டும் கூச்சம் போயிருந்தது. கூடவே, வாடகை கட்ட வழியில்லாத லட்சக்கணக்கானவர்களைப் பொருளாதாரச் சரிவு உருவாக்கிவிட்டது. அந்நியர் பயம் முழுதாகப் போகவில்லை. அதைச் சமாளிக்கும் கருவிகள் வந்துவிட்டன.

அதனால்தான், ‘ஏன் இதுவரை யாரும் செய்யவில்லை?’ என்ற கேள்விக்கு வரும் பதில் இவ்வளவு முக்கியம். ‘யாருக்கும் தோணலை சார்’ என்பது பலவீனமான பதில். யார் யார் செய்தார்கள், எந்த வருடம், எதில் மாட்டிச் செத்தார்கள், அது இப்போது எப்படி மாறிவிட்டது என்று வரிசையாகச் சொல்கிறவர் அந்தக் காட்டில் நடந்து பார்த்தவர்.

கணக்கர் மறந்த வாடிக்கையாளர்

சந்தை சிறியது என்பது மிகப் பொதுவான மறுப்பு. ஏர்பிஎன்பிக்கும் அதைத்தான் சொன்னார்கள். இதைப் பற்றி நடந்த மிகச் சிறந்த விவாதத்தின் ஒரு பக்கம் ஒரு சென்னைக்காரர் இருந்தார்.

அஸ்வத் தாமோதரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். ஒரு கம்பெனி என்ன விலை பெறும் என்று கணக்கிடுவதில் உலகமே அவர் பாடத்தைத்தான் படிக்கிறது. 2014 ஜூனில் ஊபர் கம்பெனிக்கு 1,700 கோடி டாலர் மதிப்புப் போட்டுப் பணம் கொடுத்தார்கள் முதலீட்டாளர்கள். தாமோதரன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உலக டாக்சித் தொழில் 10,000 கோடி டாலர், ஊபர் அதில் பத்து சதவிகிதம் பிடிக்கலாம் என்று தொடங்கி, மதிப்பு சுமார் 590 கோடிதான் என்று முடித்தார். ஒவ்வொரு எண்ணையும் எங்கிருந்து எடுத்தார் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஊபரில் முதலிலேயே பணம் போட்ட பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் பில் கர்லி அடுத்த மாதம் பதில் எழுதினார். அவர் சண்டை பெருக்கல் வகுத்தலோடு இல்லை. இன்றைக்கு டாக்சி எடுக்கிறவர்களை மட்டும் எண்ணினீர்களே, டாக்சி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் புதிதாக எடுக்கப்போகிறவர்களை யார் எண்ணுவது என்பதுதான் அவர் கேள்வி. இரண்டாவது கார் வாங்காமல் விடுகிறவர்கள், பார்க்கிங் தேடி அலுத்தவர்கள், டாக்சியே வராத புறநகரில் இருப்பவர்கள். சந்தை தாமோதரன் சொன்னதைப்போல 25 மடங்குவரை இருக்கலாம் என்றார். 1980-ல் ஏடி அண்ட் டி கம்பெனிக்கு மெக்கின்சி கொடுத்த கணிப்பையும் எடுத்துப் போட்டார்: 2000-ல் அமெரிக்காவில் ஒன்பது லட்சம் பேர் செல்போன் வைத்திருப்பார்கள் என்றது அது. உண்மையில் பத்துக் கோடியைத் தாண்டியது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் டாக்சித் தொழில் மொத்தமே அப்போது ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலராகத்தான் இருந்தது. ஊபர் அந்த ஓர் ஊரில் மட்டும் ஆண்டுக்கு 50 கோடி டாலர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று 2015 தொடக்கத்தில் ஊபரின் தலைவர் டிராவிஸ் கலானிக் சொன்னார். ஒரு குளத்திலிருந்து அதன் கொள்ளளவைப்போல மூன்றரை மடங்கு தண்ணீர் வந்திருக்கிறது என்றால், அளந்தது குளத்தை அல்ல என்று பொருள்.

நான் மதிப்பது அடுத்து நடந்ததை. தாமோதரன் கர்லியின் பதிலைத் தன் வாசகர்களுக்கு எடுத்துக் காட்டி, அதிலிருந்து கற்றதைச் சொல்லி, 2015 செப்டம்பரில் மதிப்பை 2,340 கோடி டாலராக உயர்த்தினார். எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கதை தப்பானால் எண்ணும் தப்பும் என்பதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அதே சமயம் கர்லி முழு வெற்றி பெற்றுவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஊபர் ஒரு முழு ஆண்டுக்குச் செயல்பாட்டு லாபம் காட்ட 2023 வரை ஆனது. வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதில் கர்லி சரி. அவர்களிடமிருந்து காசு எப்போது தேறும் என்ற கணக்கரின் கவலையும் சரி.

யாருடைய கண்

பெஸ்ஸமர் என்ற பழம்பெரும் முதலீட்டு நிறுவனம், தான் கைநழுவவிட்ட கம்பெனிகளின் பட்டியலைத் தானே வெளியிட்டு வைத்திருக்கிறது. கூகுள் தொடங்கிய முதல் வருடத்தில், அதன் நிறுவனர்கள் வாடகைக்கு இருந்த காரேஜ், பெஸ்ஸமரின் டேவிட் கோவனுடைய கல்லூரித் தோழியின் வீட்டில்தான் இருந்தது. தேடுபொறி செய்யும் இரண்டு கெட்டிக்கார மாணவர்களைப் பார்க்கிறாயா என்று அவர் கேட்க, அந்தக் காரேஜ் பக்கம் போகாமல் இந்த வீட்டிலிருந்து எப்படி வெளியேறுவது என்று கேட்டாராம் கோவன்.

தேடுதல் என்பது முடிந்துபோன விஷயம் என்று 1998-ல் பலரும் நினைத்தார்கள். அந்த வருடம் கூகுளுக்குத் தன் பணத்தைக் கொடுத்த சிலரில் ராம் ஸ்ரீராம் ஒருவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்தவர், இணையத்தில் பொருட்களைத் தேடி ஒப்பிடும் ஜங்லி கம்பெனியை நடத்தியவர். தேடுதல் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்த கண் அது.

இபேயைத் தள்ளியதற்கும் பெஸ்ஸமர் காரணம் சொல்லியிருக்கிறது: தபால்தலை, நாணயம், காமிக்ஸ் புத்தகம், இதெல்லாம் ஒரு தொழிலா! தபால்தலை சேர்க்கிறவர் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

இது வேடிக்கைக் கதையாக மட்டும் முடிவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பணம் இருக்கும் அறையில் எந்த வாழ்க்கை உட்கார்ந்திருக்கவில்லையோ, அந்த வாழ்க்கையின் தேவைகள் ‘சிறிய சந்தை’ ஆகிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மெலனி பெர்கின்ஸ் என்ற இளம்பெண், பள்ளிகளின் ஆண்டு மலரை மாணவர்களே வடிவமைக்கும் மென்பொருளை நடத்திக்கொண்டிருந்தார். சாதாரண மனிதர்களுக்கு வடிவமைப்பு எவ்வளவு கடினம் என்று அங்கே பார்த்துத்தான் கான்வா யோசனை பிறந்தது. நூறு பேருக்கு மேல் மறுத்தார்கள். முதலீட்டாளர்கள் கூடும் நிகழ்ச்சி ஒன்றில் இடம் பிடிக்க, அவர்களுடைய பொழுதுபோக்கான, பட்டம் கட்டி அலைமேல் பாயும் கைட்சர்ஃபிங்கைக் கற்றுக்கொண்டார். யோசனையைச் சொல்ல அலைமேல் ஏற வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னை கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய அறையில் ஃப்ரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள். அதில் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி ஏற்கெனவே கொடி கட்டிப் பறந்தது. ஏற்கெனவே ஒருவர் இருக்கிற சந்தையில், வாங்குகிறவர்கள் எல்லாம் கடல் தாண்டி இருக்க, கீழ்க்கட்டளையிலிருந்து விற்பதா? காகிதத்தில் எழுதினால் மறுப்பதற்கு இதைவிடச் சுலபமான யோசனை கிடையாது. ஆனால் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் இதே வகை மென்பொருளைப் பல வருடம் உருவாக்கிய கை அது. ஜென்டெஸ்க் அந்த வருடம் விலையை ஏற்றியதில் கொதித்துப்போன வாடிக்கையாளர்கள் இருப்பதையும் பார்த்துவிட்டார். முதலில் பணம் கட்டிய வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. முகம் பார்க்காமல், இணையத்தில் பார்த்து வாங்கியது. 2011-ல் ஆக்செல் நிறுவனம் பத்து லட்சம் டாலர் போட்டது. தூரம் ஒரு தடை என்ற மறுப்பு காலாவதி ஆகிவிட்டதற்கு அந்தப் பள்ளியே அத்தாட்சி. 2021 செப்டம்பர் 22-ம் தேதி, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிவிட்ட அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

கான்ஃபரன்ஸ் அறையில் ஒரு பெட்டி

ஏர்பிஎன்பியை ஆரம்பத்தில் மறுத்தவர்களில் நியூயார்க்கின் ஃபிரெட் வில்சனும் உண்டு. ட்விட்டரில் தொடக்கத்திலேயே பணம் போட்ட கூர்மையான மனிதர். 2011-ல் அவர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அவர்கள் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பார்த்தோம், என்ன செய்யக்கூடும் என்பதைப் பார்க்கவில்லை என்பது சாரம். அவருடைய அலுவலகத்தின் கான்ஃபரன்ஸ் அறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் ஒபாமா ஓஸ் பெட்டியை வைத்திருந்தார். வெற்றி பெற்ற கம்பெனிகளின் நினைவுச் சின்னங்களைத்தான் மற்றவர்கள் வைப்பார்கள்.

2020 வசந்தத்தில், மறுப்பின் ஆயுள் பற்றிய அதே கேள்வி ஏர்பிஎன்பி முன்னால் மறுபடி வந்து நின்றது. கொரோனா பரவிய எட்டு வாரத்தில் ஏர்பிஎன்பியின் வியாபாரத்தில் சுமார் 80 சதவிகிதம் போய்விட்டது. 1,900 பேர், ஊழியர்களில் நான்கில் ஒருவர், வேலையிழந்தார்கள். அந்நியர் வீட்டில் தூங்குவது மீண்டும் பயங்கரமான யோசனை ஆனது. இம்முறை பயத்துக்கு மருத்துவக் காரணமே இருந்தது. ஏப்ரலில் சில்வர் லேக், சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற இரண்டு நிறுவனங்கள் கடும் நிபந்தனைகளோடு நூறு கோடி டாலர் கொடுத்தன. 2017-ல் 3,100 கோடி டாலராக இருந்த கம்பெனிக்கு அவர்கள் போட்ட விலை 1,800 கோடி. அவர்களும் தீர்மானிக்க வேண்டியிருந்தது அதைத்தான்: இந்தப் பயத்துக்கு ஆயுள் எவ்வளவு?

கோடை வந்தது. விமானம் ஏற அஞ்சியவர்கள் காரை எடுத்துக்கொண்டு சில மணி நேரத் தூரத்தில் ஒரு வீட்டைத் தேடினார்கள். லிஃப்டும் வரவேற்பறையும் உள்ள ஹோட்டலைவிட, தனியாக நிற்கும் யாரோ ஒருவருடைய வீடு அவர்களுக்குப் பாதுகாப்பாகப் பட்டது. வீட்டிலிருந்தே வேலை என்றானதால், சிலர் வாரக்கணக்கில் தங்கினார்கள்.

டிசம்பர் 10-ம் தேதி பங்கு சந்தைக்கு வந்தது. முந்தைய இரவு 68 டாலர் என்று விலை வைத்திருந்தார்கள். நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த செஸ்கியிடம், வர்த்தகம் 139 டாலரில் தொடங்கும் போலிருக்கிறது என்றார் நிருபர். அவருக்குச் சில நொடிகள் பேச்சு வரவில்லை. அன்று மாலை சந்தை முடிந்தபோது கம்பெனியின் மதிப்பு 8,600 கோடி டாலர். 2008 கோடையில் ஏழு பேரிடம் அந்த மூவர் சொன்ன விலை, 15 லட்சம் டாலர்.